எதிர்ப்பாற்றலை அளந்தவர்

பொற்கொல்லரின் தராசில் ஒரு காலத்தில் எடைக்கல்லாக விளங்கியது குன்றிமணி. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று கணக்கிட்டுப் பொன்னை நிறுத்தார்கள் நம் முன்னோர். குன்றிமணி அளவு தங்கம்கூட இல்லை என்ற பேச்சை இன்றும் வீடுகளில் கேட்கலாம். சிவப்பும் கறுப்பும் கலந்த அந்த அழகிய விதைக்குள் உயிரைக் கொல்லும் நஞ்சும் இருக்கிறது என்பதைக் கிராமத்தார் நன்கு அறிவர்.

1891-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு மருத்துவர் அதே குன்றிமணியைக் கொண்டு, அதுவரை எவரும் அளந்திராத ஒன்றை அளக்க முற்பட்டார். உயிருள்ள உடல் ஒரு நஞ்சை எந்த அளவுக்கு எதிர்த்து நிற்கும் என்பதே அவருடைய கேள்வி. அவர் பெயர் பால் எர்லிக்.

மேகநோய்க்கு முதல் செயற்கை மருந்தைக் கண்டவர் என்றே எர்லிக்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், என்னைப் போன்றோர் அவருக்குக் கடன்பட்டிருப்பது வேறொரு செயலுக்காக. ஆய்வகத்து வெள்ளெலிகளின் குருதியில் எதிர்ப்பொருளின் அளவைக் கணக்கிடும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆன்டிபாடி என்று பலரும் அழைக்கும் அந்த எதிர்ப்பொருள் ஒரு துளிக் குருதியில் எவ்வளவு இருக்கிறது என்று இன்று எங்களால் எண்ணால் சொல்ல முடிகிறது. அந்த எண்ணுக்குப் பொருள் கொடுத்தவர் எர்லிக்.

அவர் பிறந்தது 1854-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள், பிரஷ்ய ஆட்சியில் இருந்த சைலீசியா பகுதியின் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம், தந்தை விடுதி நடத்தியவர். பிரெஸ்லாவ் நகரில் பள்ளிப் படிப்பு. பின்னர் பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபர்க், லைப்சிக் என்று நான்கு பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார்.

அந்தக் காலத்து ஜெர்மனி சாயத் தொழிலில் உலகுக்கு முன்னோடியாக இருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்கள் வந்துகொண்டிருந்தன. எர்லிக்கின் தாய்வழி உறவினரான கார்ல் வைகெர்ட், அந்தச் சாயங்களால் உடல் திசுக்களுக்கு நிறமூட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். அவரைப் பார்த்து எர்லிக்குக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது. மற்ற மாணவர்கள் பாடநூலைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் விரல்களில் நீலமும் சிவப்பும் ஒட்டிக்கிடக்கத் திசுக்களுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். 1878-இல் அவர் பெற்ற மருத்துவர் பட்டத்துக்கான ஆய்வேடும் சாயமேற்றும் கலையைப் பற்றியதே.

சாயங்களில் அவர் கண்டது வெறும் அழகை மட்டுமன்று. ஒரு சாயம் ஒரு வகைச் செல்லில் மட்டும் பற்றுகிறது. பக்கத்துச் செல்லைத் தொடுவதே இல்லை. ஏன் அப்படி? ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் இடையே வேதியியல் பொருத்தம் இருந்தால் மட்டுமே அவை ஒன்றையொன்று பற்றும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பூட்டுக்கு ஏற்ற சாவி என்பதைப் போன்ற இந்த ஒரே எண்ணம்தான் அவருடைய வாழ்நாள் ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளம். பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றியபோது வெள்ளணுக்களை அவை ஏற்கும் சாயத்தைக் கொண்டே அவர் வகைப்படுத்தினார். இன்று குருதிப் பரிசோதனை அறிக்கையில் நாம் காணும் வெள்ளணுப் பிரிவுகள் பலவும் அங்கே தொடங்கியவை.

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். அந்தக் கூட்டத்தில் எர்லிக் இருந்தார். கிருமிக்குச் சாயமேற்ற கோக் கையாண்ட முறையைவிட விரைவான, தெளிவான முறையைச் சிறிது காலத்திலேயே அவர் உருவாக்கினார். கோக்கின் நன்மதிப்பும் அவருக்குக் கிடைத்தது.

எந்தக் கிருமியைத் துலக்கிக் காட்டினாரோ அதே கிருமி சில ஆண்டுகளில் அவருடைய நுரையீரலையும் பற்றியது. 1888-இல் தன் சளியிலேயே காசநோய்க் கிருமியை அவர் கண்டார். மருத்துவமனைப் பணியைத் துறந்து, மனைவி ஹெட்விக்குடன் எகிப்தின் வெப்பத்தை நாடிச் சென்றார். உடல் தேறி 1889-இல் திரும்பியபோது அவருக்கு வேலையும் இல்லை, பதவியும் இல்லை. பெர்லினில் சொந்தச் செலவில் ஒரு சிறிய ஆய்வகத்தை அமைத்துக்கொண்டார். குன்றிமணி ஆய்வுக்கான வித்து விழுந்தது அந்தக் காலத்தில்தான். விரைவில் கோக் தம்முடைய தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் அவருக்கு இடமளித்தார்; ஆய்வு அங்கே தொடர்ந்தது.

அப்போது மருத்துவ உலகைப் பரபரப்பில் ஆழ்த்தியிருந்த செய்தி ஒன்று உண்டு. கோக்கின் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் பேரிங்கும் ஜப்பானியரான கிடாசாட்டோவும் 1890-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் உண்மையை வெளியிட்டிருந்தனர். இசிவு நோய்க்கும், தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவுக்கும் பழக்கப்பட்ட விலங்கின் சீரம், அந்த நோய்களின் நஞ்சை முறிக்கிறது என்பதே அது. உறைந்த குருதியிலிருந்து பிரியும் தெளிந்த மஞ்சள் நீரே சீரம். அதில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்பது தெரிந்தது. எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல எவராலும் இயலவில்லை.

எர்லிக் கிருமிகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாவர நஞ்சுகளை எடுத்துக்கொண்டார். ஆமணக்கு விதையின் ரிசின், குன்றிமணியின் அப்ரின் என்ற இரண்டு நஞ்சுகள் அவை. இந்தத் தேர்வில் கூர்மையான காரணம் இருந்தது. கிருமிகள் பெருகும்; ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் நஞ்சைச் சுரக்கும். விதை நஞ்சையோ தராசில் நிறுத்து எடுத்துக்கொள்ளலாம். அளக்கப்படும் பொருள் நிலையாக இருந்தால்தானே அளவும் நிலையாக இருக்கும்?

சுண்டெலிகளுக்கு நஞ்சு கலந்த சிறு ரொட்டித் துண்டுகளை அவர் உண்ணக் கொடுத்தார். முதலில் மிகச் சிறிய அளவு. நாளடைவில் சிறிது சிறிதாகக் கூடுதல் அளவு. பிறகு எத்தனை மடங்கு நஞ்சை அந்த எலி தாங்குகிறது என்று ஊசி மூலம் கணக்கிட்டார். சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட நஞ்சை, பழக்கப்பட்ட எலிகள் தாங்கின. எதிர்ப்பாற்றல் என்பது அன்றைய தினம் ஓர் எண்ணாக மாறியது.

ரிசினுக்குப் பழகிய எலி அப்ரினுக்கு இரையானது. அப்ரினுக்குப் பழகியது ரிசினுக்கு இரையானது. ஒவ்வொரு நஞ்சுக்கும் உடல் தனித்தனி எதிர்ப்பொருளைச் செய்கிறது என்று இதிலிருந்து தெளிவாயிற்று. சாயங்களில் அவர் கண்ட அதே பொருத்தம்தான் இங்கும். இன்று உலகமே பயன்படுத்தும் எதிர்ப்பொருள் என்ற சொல்லின் ஜெர்மன் மூலம் முதன்முதலில் அச்சேறியதும் அந்த ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில் என்றே கருதப்படுகிறது.

அடுத்த ஆண்டில் அவர் செய்த ஆய்வு என் மனத்தை இன்றும் கவர்வது. பெற்றோரின் எதிர்ப்பாற்றல் குட்டிகளுக்குச் செல்கிறதா என்று அவர் கேட்டார். எதிர்ப்பாற்றல் பெற்ற தந்தைக்கும் சாதாரணத் தாய்க்கும் பிறந்த குட்டிகளுக்கு அது கிட்டவில்லை. தாய்க்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் குட்டிகளுக்கும் இருந்தது. ஆனால், அது சில காலத்தில் மறைந்துபோனது. பிறகு குட்டிகளை மாற்றி வைத்தார். சாதாரணத் தாய்க்குப் பிறந்த குட்டிகளை, எதிர்ப்பாற்றல் கொண்ட தாயிடம் பால் குடிக்கவிட்டார். அந்தக் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. தாய்ப்பால் உணவு மட்டுமன்று, காப்பும் ஆகும் என்பதற்கு எண்களோடு கூடிய சான்று 1892-இல் இவ்வாறு கிடைத்தது.

சுண்டெலிகளிடம் கற்ற பாடம் குழந்தைகளுக்குத் தேவைப்படும் காலம் உடனே வந்தது. ஐரோப்பாவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளைத் தொண்டை அடைப்பான் மூச்சுத் திணறவைத்துக் கொன்றுகொண்டிருந்தது. தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படரும், மூச்சுக்குழல் அடைபடும், கிருமியின் நஞ்சு இதயத்தைத் தாக்கும். பேரிங்கின் சீரம் அதற்கு மருந்தாகும் என்ற நம்பிக்கை எழுந்திருந்தது. ஆனால், தொடக்ககாலச் சீரம் வலுவற்றதாக இருந்தது. அதைவிட மோசமானது அதன் நிலையின்மை. ஒரு புட்டியில் இருந்த வலு அடுத்த புட்டியில் இல்லை. ஒரு குழந்தை பிழைத்தது. அதே அளவு மருந்து பெற்ற அடுத்த குழந்தை இறந்தது. மருந்து தவறா, அளவு தவறா என்று மருத்துவருக்கே தெரியவில்லை.

எர்லிக் உதவிக்கு வந்தார். எலிகளுக்குச் செய்ததைப் போலவே, நஞ்சின் அளவைப் படிப்படியாக உயர்த்திப் பெரிய விலங்குகளைப் பழக்கினால் வலுமிக்க சீரம் கிடைக்கும் என்று காட்டினார். 1894-இல் பெர்லின் மருத்துவமனைகளில் 220 குழந்தைகளுக்கு அளித்த சிகிச்சையின் முடிவுகளை அவரும் உடன் பணிபுரிந்தோரும் வெளியிட்டனர். நோய் தொடங்கிய முதல் நாள்களிலேயே சீரம் பெற்ற குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தனர். அதே ஆண்டில் ஹோக்ஸ்ட் நிறுவனம் சீரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேறு நிறுவனங்களும் களமிறங்கின. கடைக்கு வரும் ஒவ்வொரு புட்டியிலும் என்ன இருக்கிறது என்று யார் உறுதி சொல்வது?

அதற்கொரு நிலையான அளவுகோல் வேண்டும். முதலில் நஞ்சையே அளவுகோலாக வைத்துப் பார்த்தார்கள். 250 கிராம் எடையுள்ள கினிப்பன்றியை நான்கு நாள்களில் கொல்லும் நஞ்சு ஒரு கொல்லும் அளவு. அத்தகைய நூறு அளவுகளை முறிக்கும் சீரம் ஓர் அலகு. கேட்பதற்கு எளிதாக இருந்த இந்தக் கணக்கு நடைமுறையில் பொய்த்தது. புட்டியில் வைத்த நஞ்சு நாள்பட வலுவிழந்தது. நேற்று நூறு உயிரைக் கொல்லக்கூடிய கரைசல், சில மாதங்களில் ஐம்பதைக் கூடக் கொல்லவில்லை. கோலே தேய்ந்துகொண்டிருந்தால் எதை அளப்பது?

எர்லிக் கணக்கைத் திருப்பிப் போட்டார். நஞ்சு மாறும், ஆனால், நன்கு உலர்த்திய சீரம் மாறாது. ஆகவே, குறிப்பிட்ட ஒரு சீரத்தையே உலகுக்கு அளவுகோலாக்கினார். அதன் ஒரு கிராம் உலர்தூள் 1,700 அலகுகள் கொண்டது. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களில், ஈரமும் ஒளியும் வெப்பமும் அணுகாதவாறு அதை அடைத்துவைத்தார். அவ்வப்போது ஒரு குழாயைத் திறந்து, கரைசலாக்கி, அன்றைக்குக் கையில் இருக்கும் நஞ்சின் வலுவை அதைக் கொண்டு சரிபார்த்தார். அப்படிச் சரிபார்த்த நஞ்சைக் கொண்டு புதிய சீரத்தை மதிப்பிட்டார். இந்த முறையை விளக்கும் நூல் போன்ற நெடுங்கட்டுரை 1897-இல் வெளிவந்தது.

அந்த மதிப்பீட்டின்போது ஒரு புதிரும் எதிர்ப்பட்டது. ஓர் அலகு சீரத்தோடு நஞ்சைக் கலந்து, கினிப்பன்றிக்கு எந்தத் தீங்கும் நேராத எல்லையை அவர் குறித்தார். பிறகு, நான்காம் நாளில் விலங்கு இறக்கும் எல்லையையும் குறித்தார். இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு கொல்லும் அளவு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். ஆனால், பல மடங்கு வித்தியாசம் இருந்தது. வேறொருவராயின் அதைச் சோதனைப் பிழை என்று தள்ளியிருப்பார். எர்லிக் அதன் பொருளைத் தேடினார். நஞ்சின் ஒரு பகுதி கொல்லும் திறனை இழந்துவிட்டது; ஆனால், எதிர்ப்பொருளைப் பற்றும் திறனை இழக்கவில்லை என்று கண்டார். அந்தச் சாதுவாகிப்போன நஞ்சுக்கு டாக்ஸாய்டு என்று பெயரிட்டார். 1920-களில் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் ரமோன், ஃபார்மலின் கொண்டு டாக்ஸாய்டைத் திட்டமிட்டே உருவாக்கினார். நம் குழந்தைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடப்படும் தடுப்பூசியில், டிப்தீரியாவுக்கான பகுதி அந்த டாக்ஸாய்டுதான். அளவில் கண்ட ஒரு சிறு முரண் இவ்வாறு ஒரு தடுப்பூசிக்கு வழிகாட்டியது.

1896-இல் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸில் சீரங்களைச் சோதிக்கும் அரசு நிறுவனம் ஒன்று அவருக்காக அமைக்கப்பட்டது. நிறுவனம் என்ற பெயர்தான் பெரிது; இடம் பழைய ரொட்டிக்கடை. அங்கே அவரது சோதனையில் தேறிய சீரம்தான் நோயாளிக்குச் செல்லும். சோதிப்பவருக்கு விற்பனையில் பங்கிருப்பது முறையாகாது அல்லவா? சீரத்தின் வருவாயில் தமக்கிருந்த உரிமையை எர்லிக் விட்டுக்கொடுத்திருந்தார். பேரிங் செல்வந்தரானார்; 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசும் பேரிங் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. இருவருக்கும் இடையிலான நட்பில் விரிசல் விழுந்தது. சீரத்தைக் கண்டவருக்குப் புகழ் உடனே வந்தது. அதை நம்பத்தக்க மருந்தாக்கியவர் காத்திருக்க நேர்ந்தது.

இன்று நாங்கள் எலிகளிடம் செய்யும் சோதனை வெளித்தோற்றத்தில் முற்றிலும் மாறிவிட்டது. ஓர் எலிக்குத் தடுப்பூசி போட்டு, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அதன் வால் நரம்பிலிருந்து சில துளிக் குருதி எடுப்போம். சீரத்தைப் பிரித்து நூறு மடங்கு, இருநூறு மடங்கு, நானூறு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே செல்வோம். 96 சிறு குழிகள் கொண்ட நெகிழித் தட்டில் அதை இடுவோம். குழியின் அடியில் பூசிய பொருளை எலியின் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும். அதன்மேல் நொதி இணைத்த இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் நிறம் தோன்றும். எலைசா என்ற இந்த முறை 1971-இல் வந்தது. நீலம் பரவி, அமிலம் விட்டவுடன் மஞ்சளாகும் அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம், சாயக்கறை படிந்த விரல்களோடு திரிந்த எர்லிக் இதைக் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

ஆனால், நிறத்தின் செறிவை மட்டும் கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. அறையின் வெப்பம், கரைசலின் வயது, காத்திருந்த நிமிடங்கள் எனப் பலவும் நிறத்தை மாற்றும். ஆகவே, ஒவ்வொரு தட்டிலும் சில குழிகளில், அளவு தெரிந்த சீரம் ஒன்றை இடுவது கட்டாயம். புதிய எலியின் சீரத்தை அதனோடு ஒப்பிட்டே எண்ணைக் குறிக்கிறோம். அந்தத் தர சீரம் உறைபெட்டியில் சிறு சிறு குப்பிகளாகப் பாதுகாக்கப்படுகிறது. அது இல்லையேல் இன்றைய எண்ணையும் சென்ற ஆண்டின் எண்ணையும் ஒப்பிட இயலாது. சென்னையில் எடுத்த எண்ணுக்கு பெர்லினில் பொருளிராது. கருவிகள் அனைத்தும் மாறிய பின்னும், எர்லிக்கின் கண்ணாடிக் குழாய் எங்கள் உறைபெட்டியில் வேறு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் அந்த விலங்குகளையும் நினைக்க வேண்டும். எர்லிக்கின் அளவுகோல் எண்ணற்ற கினிப்பன்றிகளின் உயிரால் ஆனது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால், அளவு துல்லியமாக ஆக, தேவைப்படும் விலங்குகளின் எண்ணிக்கை குறைகிறது என்பதும் உண்மை. ஓர் எலி இறந்ததா, பிழைத்ததா என்று பார்த்த காலம் போய், உயிரோடிருக்கும் எலியின் சில துளிகளே போதும் என்ற நிலை வந்துள்ளது. டிப்தீரியா எதிர்ப்பொருளை அளக்க இன்று ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களையே பயன்படுத்த முடிகிறது. நெறிக்குழுவின் ஒப்புதலின்றி ஓர் எலியைக்கூடத் தொடக்கூடாது என்ற விதி நம் நாட்டிலும் இருக்கிறது. சரியாக அளக்கத் தெரியாதவர் ஓர் எலியை வீணாக்குகிறார் என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம்.

1899-இல் எர்லிக்கின் நிறுவனம் ஃபிராங்ஃபர்ட் நகருக்குப் பெயர்ந்தது. தர சீரம் அங்கிருந்து பல நாடுகளுக்கும் சென்றது. அளவுகளில் தொடங்கிய அவரது சிந்தனை ஒரு கோட்பாடாக விரிந்தது. செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் உள்ளன. நஞ்சு அவற்றைப் பற்றும்போது செல் அவற்றை மிகுதியாக உண்டாக்கிக் குருதியில் விடுகிறது. அவையே எதிர்ப்பொருள்கள் என்றார் அவர். 1900-இல் லண்டன் ராயல் கழகத்தில் அதை விளக்கினார். விவரங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன. ஏற்பி என்ற கருத்து நிலைத்தது. 1908-இல் ரஷ்ய அறிஞர் மெச்னிகோஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பின்னர் அவர் கவனம் மருந்துகளின் பக்கம் திரும்பியது. கிருமியை மட்டும் பற்றி, உடலை விட்டுவிடும் வேதிப்பொருளைத் தேடினார். 1909-இல் ஜப்பானியரான சஹாசிரோ ஹாட்டா, எர்லிக்கின் ஆய்வகத்தில் 606 என்ற எண்ணிட்ட ஆர்சனிக் சேர்மம் மேகநோய்க் கிருமியைக் கொல்வதைக் கண்டார். மறு ஆண்டில் சால்வர்சான் என்ற பெயரில் அது மருந்தாயிற்று. புகழோடு தூற்றலும் வந்தது. பக்கவிளைவுகளைக் காட்டி அவரைத் தாக்கினர். அவதூறு நீதிமன்றம் வரை சென்றது. அவதூறு செய்தவர் தண்டிக்கப்பட்டார். எனினும், ஓயாத உழைப்பும் இடைவிடாத சுருட்டும் தளர்த்தியிருந்த உடலை அந்தப் போராட்டம் மேலும் வாட்டியது. வண்ணப் பென்சிலால் அட்டைகளில் குறிப்பெழுதி, ஒவ்வோர் உதவியாளருக்கும் அன்றன்றைய வேலையைப் பணித்துவந்த அந்தக் கை, 1915-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் ஓய்ந்தது. அப்போது அவருக்கு வயது 61.

உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நாடுகளுக்கிடையே தர சீரத்தின் போக்குவரத்து அறுந்துபோனது. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வகம் எர்லிக்கின் அளவைப் பின்பற்றி 1905-இலேயே தனக்கென ஒரு தர சீரத்தை அமைத்திருந்தது. போர் முடிந்த பின்னர் வாஷிங்டனின் அலகையும் ஃபிராங்ஃபர்ட்டின் அலகையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்திருந்தன. பகைவர்களாகப் பிரிந்து நின்ற நாடுகளில், தனித்தனியே காக்கப்பட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்கள் ஒரே உண்மையைச் சொல்லின. 1922-இல் நாடுகளின் சங்கம் அந்த அலகையே சர்வதேச அலகாக ஏற்றது. உயிரியல் மருந்து ஒன்றுக்கு உலகம் முழுவதும் ஏற்ற முதல் அளவு அதுவே. இன்சுலின் உள்ளிட்ட பல மருந்துகளுக்கும் பின்னர் அதே வழியில் அலகுகள் வந்தன. இன்று காலையில் பத்து யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவரும் அந்த மரபின் பயனைத் துய்க்கிறார்.

அவர் பிறந்த நாடோ அவரை மறக்க முயன்றது. யூதர் என்பதற்காக, ஃபிராங்ஃபர்ட்டில் அவர் பெயரைத் தாங்கிய தெருவின் பெயர்ப் பலகையை 1938-இல் நாஜி ஆட்சி அகற்றியது. மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டு வெளியேறி, 1948-இல் அமெரிக்காவில் காலமானார். பெயரை அழித்தவர்களால் அலகை அழிக்க முடியவில்லை. நாஜி ஆட்சியின் கீழும் டிப்தீரியா சீரத்தின் வலு எர்லிக் வகுத்த அலகிலேயே குறிக்கப்பட்டது. போருக்குப் பின்னர் தெருவுக்கு அவர் பெயர் மீண்டது; அவர் நிறுவிய நிறுவனமும் 1947-இல் அவர் பெயரைப் பெற்றது. ஜெர்மனியில் தடுப்பூசிகளுக்கு ஒப்புதல் வழங்கும் அமைப்பாக அது இன்றும் செயல்படுகிறது.

கரோனா காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட நண்பர்கள் பலர் ஆய்வகங்களில் குருதி கொடுத்து, வந்த எண்ணோடு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒருவருக்கு 80, இன்னொருவருக்கு 800. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் என்று கேட்டார்கள். இரண்டு ஆய்வகங்களும் வெவ்வேறு கருவிகளையும் வெவ்வேறு அளவுகளையும் பயன்படுத்தியிருந்தன. ஒன்று படியிலும் மற்றொன்று முழத்திலும் அளந்ததைப் போன்றது அது. அந்தக் குழப்பம் உலகெங்கும் இருந்தது. அதைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் என்ன செய்தது? நோயிலிருந்து மீண்டவர்களின் குருதி நீரைத் திரட்டி, உலர்த்தி, குப்பிகளில் அடைத்து, இதுவே அளவுகோல் என்று அறிவித்தது. ஸ்டெக்லிட்ஸின் பழைய ரொட்டிக்கடையில் எர்லிக் செய்ததும் அதுதான்.

ஓர் எண்ணைக் கண்டதும் நம்பிவிடுகிறோம். அது எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது என்று கேட்பதில்லை. மருந்தின் வலுவாயினும், குடிநீரின் தூய்மையாயினும், பரிசோதனை அறிக்கையாயினும் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நோயாளிக்கும் குடிமகனுக்கும் உண்டு. அளப்பவர் விற்பவராக இருக்கலாகாது. அளவுகோல் எவர் விருப்பத்துக்கும் வளையலாகாது என்ற இரண்டு நெறிகளை எர்லிக் தம் வாழ்க்கையால் நிறுவிக் காட்டினார். புதிய மருந்தைக் கண்டவர்களின் வரிசையில் அவரை வைத்துப் போற்றுகிறோம். மருந்தை நம்பலாம் என்ற நிலையை உண்டாக்கியவர்களின் வரிசை சிறியது. அதில் முதலிடம் அவருக்கே உரியது.